பிரிட்டனின் ஸ்மார்ட் கருவிச் சட்டம்: எதைக் காக்கிறது, எதை விட்டுவிடுகிறது

பிரிட்டனில் 2024 ஏப்ரல் 29 முதல், இணையத்தோடு சேரும் வீட்டுக் கருவிகளை ஊரறிந்த கடவுச்சொல்லோடு விற்கக் கூடாது. கேமரா, கதவுமணி, பேபி மானிட்டர், ஸ்மார்ட் பல்பு, கதவுப் பூட்டு எல்லாம் இதில் அடக்கம். பிஎஸ்டிஐ என்று சுருக்கமாகச் சொல்லப்படும் 2022ஆம் ஆண்டுச் சட்டமும், அதன்கீழ் 2023இல் வந்த விதிகளும்தான் இதற்கு அடிப்படை. அங்கே குடியிருக்கும் தமிழர்கள் இதை விவரமாகத் தெரிந்துகொள்வது நல்லது. கடையில் நீங்கள் கேட்டுப் பெறவேண்டிய சில விஷயங்கள் இந்த விதிகளில்தான் இருக்கின்றன.

இந்தச் சட்டத்துக்கான தேவை 2016இலேயே தெரிந்துவிட்டது. மிராய் என்ற தீநிரல் (மால்வேர்), தொழிற்சாலையில் வைத்த சுமார் அறுபது கடவுச்சொற்களை மட்டும் மாற்றி மாற்றிப் போட்டுப் பார்த்தே லட்சக்கணக்கான கேமராக்களையும் ரவுட்டர்களையும் வசப்படுத்தியது. அந்த ஆண்டு அக்டோபர் 21 அன்று, இணையதளப் பெயர்களுக்கு முகவரி தேடித் தரும் டைன் (Dyn) நிறுவனத்தின் மீது அந்தக் கருவிகளை ஏவியபோது ட்விட்டர், நெட்ஃபிளிக்ஸ் போன்ற தளங்கள் பலருக்குக் கிடைக்காமல் போயின. கேமராவின் சொந்தக்காரர்களுக்கு இதில் தங்கள் கருவிக்கும் பங்கு உண்டு என்பதே தெரியாது.

சட்டம் தயாரிப்பாளரிடம் மூன்று விஷயங்களைக் கேட்கிறது. முதலாவது கடவுச்சொல். ஒவ்வொரு கருவிக்கும் அது தனித்தனியாக இருக்கவேண்டும், இல்லாவிட்டால் வாங்கியவரே வைத்துக்கொள்ளவேண்டும். தனித்தனி என்றால் 'பாஸ்வேர்ட்1', 'பாஸ்வேர்ட்2' என்று வரிசையாக எண் போட்டுத் தப்பிக்க முடியாது. கருவியின் சீரியல் எண்ணை அப்படியே கடவுச்சொல்லாக்கவும் கூடாது. அடுத்து, பாதுகாப்புக் குறை ஒன்றைக் கண்டுபிடித்தவர் யாரிடம் சொல்லவேண்டும், எப்போது பதில் வரும் என்பதைத் தயாரிப்பாளர் வெளிப்படையாக அறிவிக்கவேண்டும்.

மூன்றாவதுதான் வாங்குபவர்களுக்கு மிகவும் பயன்படும் என்று நினைக்கிறேன். பாதுகாப்பு அப்டேட் குறைந்தது எந்தத் தேதி வரை வரும் என்பதை முன்கூட்டியே சொல்லவேண்டும். சொன்ன பிறகு அதைக் குறைக்க முடியாது, நீட்டிக்கலாம். ஆனால் இத்தனை ஆண்டுகள் தந்தே ஆகவேண்டும் என்று சட்டம் கட்டாயப்படுத்தவில்லை. ஆறே மாதம் என்று எழுதி விற்றாலும் சட்டப்படி சரிதான். அதனால் விலையைப் பார்க்கும்போதே அந்தத் தேதியையும் பாருங்கள். கருவி சட்டப்படி இருக்கிறது என்று தயாரிப்பாளர் அதனோடு தரும் இணக்க அறிக்கையில் அது இருக்கவேண்டும். அந்த அறிக்கை இல்லாத சரக்கைக் கடைக்காரரும் விற்கக் கூடாது.

விதியை மீறினால் ஓபிஎஸ்எஸ் என்ற அரசு அலுவலகம் விற்பனையை நிறுத்தவோ, சரக்கைத் திரும்பப் பெறவோ உத்தரவிடலாம். அபராதம் 1 கோடி பவுண்டு வரை அல்லது உலகளாவிய வருவாயில் 4 சதவீதம் வரை, இரண்டில் எது அதிகமோ அது. செகண்ட் ஹேண்டில் வாங்கும் பொருளுக்கு இந்தக் காப்பு கிடையாது.

இனி, பலரும் கவனிக்காத ஒரு பகுதிக்கு வருவோம். ஜன்னல் சென்சார், வெப்பமானி, ஸ்மார்ட் பல்பு மாதிரியான சின்னக் கருவிகள் பலவும் வைஃபையில் பேசுவதில்லை. சென்சார் போன்றவை பட்டன் பேட்டரியில் ஆண்டுக்கணக்கில் ஓடவேண்டும் என்பதால், இவை ஜிக்பீ, புளூடூத் போன்ற குறைந்த மின்சார ரேடியோவில், வீட்டுக் கருவிகளை ஒன்றாக இணைக்கும் ஹப் என்ற பெட்டியோடு பேசுகின்றன. நேராக இணையத்தைத் தொடாத இவற்றிலும் பல இந்தச் சட்டத்துக்குள் வரத்தான் செய்கின்றன. ஆனால் இவற்றுக்குத் திரையும் இல்லை, விசைப்பலகையும் இல்லை. கடவுச்சொல்லே இல்லாமல், இணைப்பு எண்ணையோ, தகவலைப் பூட்டித் திறக்கும் மறைசாவியையோ கொண்டுதான் வலையில் சேருகின்றன. விதியோ, மறைசாவியையும் இப்படிப்பட்ட ரேடியோக்களின் இணைப்பு எண்ணையும் 'கடவுச்சொல்' என்ற வரையறையிலிருந்து விலக்கி வைத்திருக்கிறது.

இதனால் என்ன ஆகும் என்பதற்கு ஜிக்பீயே உதாரணம். புதுப் பல்பு சேரும்போது, வீட்டு வலைக்கு உரிய சாவியை ஹப் அதற்கு அனுப்புகிறது. அந்தச் சாவியைப் பூட்டி அனுப்ப இன்னொரு சாவி வேண்டும். வழக்கமாகப் பயன்படும் அந்த இரண்டாவது சாவி 'ZigBeeAlliance09' என்ற பதினாறு எழுத்து, உலகத்துக்கே தெரிந்தது. பல்பைச் சேர்க்கும் அந்தச் சில நொடிகளில் பக்கத்தில் ஒருவர் ரேடியோவோடு ஒட்டுக்கேட்டால் வீட்டு வலையின் சாவி அவர் கைக்குப் போய்விடும். இதைத் தடுக்கவே ஒவ்வொரு கருவிக்கும் தனி நிறுவல் குறியீடு தரும் வசதி ஜிக்பீ 3.0இல் இருக்கிறது. ஆனால் வீட்டு ஹப்கள் பல அதைக் கட்டாயமாகக் கேட்பதில்லை.

சரி, நாம் என்ன செய்யலாம்? ஒவ்வொரு கருவிக்கும் தனிக் குறியீடு அச்சிட்டு வருகிற வகையாகப் பார்த்து வாங்குங்கள். பல நிறுவனங்களின் ஸ்மார்ட் கருவிகளுக்குப் பொதுவான மேட்டர் தரத்தில் வரும் கருவிகளில் கியூஆர் சதுரத்தோடு ஒரு பதினொரு இலக்க எண் இருக்கும். அந்தத் தரம் 11111111, 12345678 போன்ற எண்களை உள்குறியீடாக வைக்கவே தடை விதித்திருக்கிறது. அந்த எண்ணைப் படம் எடுத்துப் பத்திரமாக வையுங்கள், மறுபடி இணைக்கத் தேவைப்படும். ஜிக்பீ என்றால், சேர்த்து முடித்ததும் ஹப்பின் 'புதுக் கருவி சேர்' நிலையை உடனே அணைத்துவிடுங்கள். கருவியை யாருக்காவது கொடுப்பதற்கு முன் ஃபேக்டரி ரீசெட் செய்யுங்கள்.

ஐரோப்பிய ஒன்றியத்தின் சைபர் மீள்திறன் சட்டம் இந்த இடைவெளியை இன்னும் அகலமாக அணுகுகிறது. கடவுச்சொல் என்று மட்டும் பார்க்காமல், அனுமதி இல்லாத எவரும் உள்ளே நுழைய முடியாதபடி கருவி காக்கப்படவேண்டும் என்கிறது. சேரும் நொடியும் அதில் அடங்கும். அப்டேட்டும் பொதுவாகக் குறைந்தது 5 ஆண்டு தரவேண்டும், அதைவிடக் குறைவான காலமே பயன்படும் பொருளுக்குத்தான் விலக்கு. அந்தச் சட்டம் முழுமையாக நடைமுறைக்கு வருவது 2027 டிசம்பர் 11 அன்று.