மருத்துவமனை மானிட்டர்களுக்கு ஒதுக்கிய அலைவரிசை: அமெரிக்க விதி என்ன சொல்கிறது, யார் பதிவு செய்ய வேண்டும்

அமெரிக்க மருத்துவமனைகளில் நோயாளியின் உடம்போடு சேர்ந்தே நடமாடும் வயர்லெஸ் மானிட்டர்களுக்கென்று அரசு தனியாக அலைக்கற்றை ஒதுக்கியிருக்கிறது. வயர்லெஸ் மெடிக்கல் டெலிமெட்ரி சர்வீஸ் என்று பெயர், சுருக்கமாக டபிள்யூஎம்டிஎஸ். டெலிமெட்ரி என்றால் அளவுகளைத் தூரத்துக்கு அனுப்பிப் பார்ப்பது. இதற்கு ஏலம் கிடையாது, தனி லைசென்ஸும் எடுக்க வேண்டாம். ஆனால் கருவியை ஆன் செய்வதற்கு முன்னாலேயே பதிவு செய்திருக்க வேண்டும். இந்த ஒரு வேலையைத்தான் "கருவி விற்ற கம்பெனி பார்த்துக்கொண்டிருக்கும்" என்று நினைத்து விட்டுவிடுகிறார்கள். பதிவு மருத்துவமனையின் பொறுப்பு, கம்பெனியின் பொறுப்பு அல்ல. அமெரிக்காவில் நர்ஸாகவோ பயோமெடிக்கல் பிரிவிலோ ஐடியிலோ வேலை பார்க்கும் நம் ஆட்கள் நிறையப் பேர் இருப்பதால் இதை விவரமாகவே எழுதுகிறேன்.

முதலில் கருவி. இதயநோய் வார்டில் நோயாளியின் கவுன் பையில் கைக்கடக்கமான ஒரு பெட்டி இருக்கும். அதிலிருந்து மெல்லிய ஒயர்கள் நெஞ்சில் ஒட்டிய பட்டைகளுக்குப் போகும். அவர் கழிவறைக்கு எழுந்து போனாலும், வராந்தாவில் மெதுவாக நடந்தாலும், அந்தப் பெட்டி ஈசிஜியை ரேடியோ அலையாக அனுப்பிக்கொண்டே இருக்கும். கூரையில் வரிசையாகப் பொருத்திய ஆன்டெனாக்கள் அதை வாங்கி, நர்ஸ் ஸ்டேஷனில் உள்ள பெரிய திரைக்குத் தரும். அலையில் குறுக்கீடு வந்தால் திரையில் அந்த நோயாளியின் கோடு விட்டுவிட்டு வரும், இல்லை, சிக்னல் இல்லை என்று காட்டும். அந்த நேரத்தில் நிஜமாகவே இதயத் துடிப்பு தாறுமாறாகப் போனால் யாருக்கும் தெரியாது. பட்டை கழன்றுவிட்டதா, பேட்டரி தீர்ந்துவிட்டதா, அலைதான் கெட்டுவிட்டதா என்று நர்ஸ் ஓடிப்போய்ப் பார்த்தால்தான் உண்டு.

இந்த விதி எதனால் வந்தது என்பதற்கு டல்லாஸ் நகரத்தில் நடந்ததைச் சொல்ல வேண்டும். 1998 பிப்ரவரி கடைசியில் டபிள்யூஎஃப்ஏஏ என்ற டிவி நிலையம் 9-ஆம் சேனலில் டிஜிட்டல் ஒளிபரப்பைச் சோதனையாகத் தொடங்கியது. பெய்லர் பல்கலைக்கழக மருத்துவ மையத்தின் இதய மானிட்டர்கள் அதே அலைவரிசையில்தான் ஓடிக்கொண்டிருந்தன. காரணம் தெரியாமல் மானிட்டர்கள் தடுமாற, தேடிப் பார்த்ததில் டிவி என்று தெரிந்தது. நிலையமும் ஒளிபரப்பை நிறுத்தி மருத்துவமனைக்கு அவகாசம் கொடுத்தது. நோயாளிகள் யாருக்கும் தீங்கு நேரவில்லை.

இதில் கவனிக்க வேண்டிய விஷயம், சட்டப்படி டிவி நிலையத்தின் மேல் தவறே இல்லை. அந்தக் காலத்தில் மருத்துவமனை டெலிமெட்ரி எல்லாம் ஊரில் காலியாகக் கிடந்த டிவி சேனல்களில் லைசென்ஸ் இல்லாமலும், இல்லையென்றால் 450 முதல் 470 மெகாஹெர்ட்ஸ் வரை வாக்கிடாக்கிகளுக்கு உரிய இடத்தில் இரண்டாந்தர உரிமையோடும் ஓடிக்கொண்டிருந்தது. அலைக்கு உரிமை உள்ளவர் வந்தால் ஒதுங்க வேண்டும், அவரால் வரும் குறுக்கீட்டைப் பொறுத்துக்கொள்ள வேண்டும் என்பதுதான் நிபந்தனை. டிஜிட்டல் டிவிக்காக ஊருக்கு ஊர் காலி சேனல்கள் நிரம்பப்போகின்றன என்று தெரிந்ததும், அலைக்கற்றையைக் கவனிக்கும் அரசு அமைப்பான எஃப்சிசியும், மருத்துவக் கருவிகளைக் கவனிக்கும் எஃப்டிஏவும் விழித்துக்கொண்டன. அமெரிக்க மருத்துவமனைகள் சங்கம் ஒரு குழு போட்டு எவ்வளவு அலைக்கற்றை வேண்டும் என்று கணக்குச் சொன்னது. 2000 ஜூனில் எஃப்சிசி புதிய சேவையை உருவாக்கியது.

ஒதுக்கியது மூன்று துண்டுகள். 608 முதல் 614 வரை 6 மெகாஹெர்ட்ஸ், 1395 முதல் 1400 வரை 5 மெகாஹெர்ட்ஸ், அப்புறம் 1427-ஐ ஒட்டி 2.5 மெகாஹெர்ட்ஸ். மொத்தமே 13.5. ஒரே ஒரு டிவி சேனலுக்கு 6 மெகாஹெர்ட்ஸ் கொடுக்கிறார்கள் என்பதோடு வைத்துப் பார்த்தால், நூற்றுக்கணக்கான கட்டில்கள் உள்ள மருத்துவமனைக்கு இது தாராளம் இல்லை. பக்கத்துப் பக்கத்தில் இரண்டு மருத்துவமனைகள் இருக்கும் ஊர்களில் இதையே பங்கு போட்டுக்கொள்ள வேண்டும்.

யார் பயன்படுத்தலாம்? சட்டப்படி மருத்துவம் பார்க்க அனுமதி உள்ளவர்கள், அவர்கள் நடத்தும் அல்லது வேலை பார்க்கும் மருத்துவமனைகள், கிளினிக்குகள், பொதுச் சுகாதார நிலையங்கள், அவர்களின் மேற்பார்வையில் கருவியைக் கையாளும் பயிற்சி பெற்றவர்கள். ஆம்புலன்ஸ் இதில் சேராது, ஓடும் வண்டி எதுவுமே சேராது. வீட்டில் வைத்துப் பயன்படுத்தவும் கூடாது. பேச்சு அனுப்பக் கூடாது, வீடியோ அனுப்பக் கூடாது. ஈசிஜி போன்ற அலைவடிவத்தை வீடியோ என்று கணக்கில் எடுக்க மாட்டார்கள், அதனால் அதில் சிக்கல் இல்லை.

சரி, பதிவுக்கு வருவோம். எஃப்சிசி 2001-இல் ஆஷி என்ற அமைப்பை இதற்கு ஒருங்கிணைப்பாளராக நியமித்தது. மருத்துவமனைகள் சங்கத்தின் கீழ் உள்ள, மருத்துவமனைப் பொறியாளர்களின் அமைப்பு அது. நாடு முழுவதும் எந்த மருத்துவமனை எந்த அலைவரிசையில் எத்தனை கருவி வைத்திருக்கிறது என்ற தரவுத்தளத்தை அதுதான் பராமரிக்கிறது, அதற்குக் கட்டணமும் வாங்குகிறது. நீங்கள் கொடுக்க வேண்டியவை: மருத்துவமனையின் சட்டப்பூர்வப் பெயர், முகவரி, எந்தக் கட்டடம், அதன் அட்சரேகை தீர்க்கரேகை, பயன்படுத்தும் அலைவரிசை, பண்பேற்ற முறை (தகவலை அலையில் ஏற்றும் விதம், மாடுலேஷன்), ஒலிபரப்பும் சக்தி, எத்தனை டிரான்ஸ்மிட்டர்கள், பிரச்சினை வந்தால் யாரைக் கூப்பிடுவது. இந்தக் கடைசித் தகவலைத்தான் ரொம்ப அலட்சியமாக நிரப்புகிறார்கள். பத்து வருடத்துக்கு முன் வேலையை விட்டுப் போனவரின் பெயர் அங்கே இருந்தால், பக்கத்தில் புது மருத்துவமனை திறப்பவரோ டிவி நிலையத்துக்காரரோ எச்சரிக்கை சொல்ல நினைத்தாலும் யாரிடம் சொல்வார்கள்?

ஒரு முறை பதிவு செய்தால் போதும் என்றும் இல்லை. புது வார்டு கட்டினால், அலைவரிசையை மாற்றினால், கருவிகளை நிரந்தரமாக ஓரங்கட்டினால், அத்தனையையும் தெரிவிக்க வேண்டும். அதே குணம் உள்ள கருவியை ஒன்றுக்கு ஒன்று மாற்றினால் மட்டும் விதிவிலக்கு.

ஒருங்கிணைப்பாளர் போலீஸ் அல்ல என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். இன்னொருவரோடு மோதல் வரும்போலிருந்தால் சொல்வார், அவ்வளவுதான். எந்த மருத்துவமனைக்கும் எந்த அலைவரிசையும் தனிச்சொத்து கிடையாது. மருத்துவமனைகளும் கருவி தயாரிப்பாளர்களும் ஒத்துழைத்து, ஒருவர்மேல் ஒருவர் இடிக்காமல் அலைவரிசையைத் தேர்ந்துகொள்ள வேண்டும் என்று விதியே சொல்கிறது. உட்கார்ந்து பேசி, நீ கீழ்ப்பாதியை வைத்துக்கொள், நான் மேல்பாதியை வைத்துக்கொள்கிறேன் என்று பிரித்துக்கொள்வதுதான் நடைமுறை.

608 முதல் 614 வரை உள்ள துண்டு யாருடையது தெரியுமா? பழைய கணக்கில் அது டிவியின் 37-ஆம் சேனல். அமெரிக்காவில் அந்தச் சேனலில் டிவி நிலையமே கிடையாது, ஏனென்றால் விண்வெளியிலிருந்து வரும் மிக மெல்லிய ரேடியோ அலைகளைக் கேட்கும் வானியலாளர்களுக்காக அதை அமைதியாக வைத்திருந்தார்கள். வலுவான டிவி ஒளிபரப்பு எதுவும் உள்ளே வராது என்பதால் மருத்துவமனைக்கும் அது பொருத்தமாக அமைந்தது. இரண்டு தரப்பும் ஒன்றுக்கொன்று தொந்தரவு இல்லாமல் இருப்பது பெரிய அதிர்ஷ்டம் என்றுதான் நினைக்கிறேன், கட்டடத்துக்குள் அடங்கிய சின்ன டிரான்ஸ்மிட்டர் தூரத்துத் தொலைநோக்கியை எட்டாது. ஆனால் பக்கத்தில் இருந்தால் எட்டும். அதனால் மேற்கு வர்ஜீனியாவின் கிரீன் பேங்க் போன்ற பெரிய தொலைநோக்கிகளைச் சுற்றி 80 கிலோமீட்டருக்குள்ளும், அரிசோனாவின் கிட் பீக், நியூ மெக்சிகோவின் பை டவுன் போல நாடு முழுக்கப் பரவிய ஆன்டெனா நிலையங்களைச் சுற்றி 32 கிலோமீட்டருக்குள்ளும் மருத்துவமனை இருந்தால், வானியல் தரப்பின் எழுத்துப்பூர்வமான சம்மதம் வாங்கித்தான் தொடங்க வேண்டும்.

1400-ஐ ஒட்டிய துண்டுகளின் அண்டை வீட்டார் வேறு மாதிரி. 1427 முதல் 1432 வரை உள்ள இடத்தை மின்சார, எரிவாயு மீட்டர்களைத் தூரத்திலிருந்து படிக்கும் டெலிமெட்ரியோடு பாதிப் பாதியாகப் பகிர்கிறார்கள். நாட்டின் பெரும்பகுதியில் மருத்துவத்துக்குக் கீழ்ப்பாதி, அதாவது 1427 முதல் 1429.5 வரை. ஆனால் பிட்ஸ்பர்க், தலைநகர் வாஷிங்டன், வர்ஜீனியாவில் ரிச்மண்ட் - நார்ஃபோக், டெக்சஸில் ஆஸ்டின் - ஜார்ஜ்டவுன், மிச்சிகனில் டெட்ராய்ட், பேட்டில் கிரீக், அப்புறம் ஸ்போகேன் ஆகிய ஏழு பகுதிகளில் மட்டும் மருத்துவத்துக்கு 1429 முதல் 1431.5 வரை. இந்த ஊர்களில் வேலை பார்ப்பவர்கள் வேறு ஊர் கிளையிலிருந்து டெலிமெட்ரி பெட்டிகளை அப்படியே கொண்டுவந்து மாட்டக் கூடாது.

பதிவு ஏன் இவ்வளவு முக்கியம் என்பது 2015-க்குப் பிறகு இன்னும் கூர்மையாகிவிட்டது. அந்த ஆண்டு எஃப்சிசி, 37-ஆம் சேனலில் லைசென்ஸ் இல்லாத இணையக் கருவிகளையும் அனுமதிக்க முடிவு செய்தது, ஆனால் மருத்துவமனைகளிலிருந்து குறிப்பிட்ட தூரம் தள்ளி. அந்தத் தூரத்தை எங்கிருந்து அளப்பார்கள்? தரவுத்தளத்தில் உள்ள மருத்துவமனையின் இடத்திலிருந்து. பதிவே இல்லாத மருத்துவமனை அந்தக் கணக்கில் இல்லவே இல்லை. பதிவு இருந்தும் இடம் தப்பாக இருந்தால், பாதுகாப்பு வளையம் வேறு எங்கோ விழும். முகவரியை மட்டும் பார்த்து நிறைவடையாமல், அந்த அட்சரேகை தீர்க்கரேகையை வரைபடத்தில் போட்டு, புள்ளி உங்கள் கட்டடத்தின் மேல் விழுகிறதா, சாலைக்கு எதிர்ப்பக்கம் உள்ள கார் நிறுத்துமிடத்தில் விழுகிறதா என்று பாருங்கள். ஐந்து நிமிட வேலை.

பக்கத்திலேயே இன்னொரு கூட்டமும் குடிவந்திருக்கிறது. 2017-இல் முடிந்த ஏலத்தில் டிவி சேனல்களின் மேல்பகுதி செல்போன் கம்பெனிகளுக்குப் போனது, பெரிய பங்கை டி-மொபைல் எடுத்தது. இப்போது 617 மெகாஹெர்ட்ஸிலிருந்து செல்போன் கோபுரங்கள் அலை அனுப்புகின்றன. மருத்துவத் துண்டு முடிவது 614-இல், நடுவில் வெறும் 3 மெகாஹெர்ட்ஸ் இடைவெளி. கீழ்ப்பக்கம் 36-ஆம் சேனல் டிவி. கோபுரம் மருத்துவமனைக்கு அருகில் இருந்து, உங்கள் ஆன்டெனா அமைப்பில் சரியான வடிகட்டி இல்லையென்றால், பக்கத்து அலையின் வலுவே உங்கள் ரிசீவரைத் திணறடிக்கும். அதனால் பழைய ஆன்டெனா அமைப்பை வைத்திருப்பவர்கள் தயாரிப்பாளரிடம் வடிகட்டி பற்றிக் கட்டாயம் கேளுங்கள்.

புது மானிட்டர்களில் பல வைஃபையில் ஓடுகின்றன. வசதிதான், ஏற்கெனவே உள்ள நெட்வொர்க் போதும். ஆனால் வைஃபைக்கு லைசென்ஸ் இல்லாத நிலைதான், வரும் குறுக்கீட்டைப் பொறுத்துக்கொள்ள வேண்டும், அதாவது 1998-இல் டல்லாஸில் இருந்த அதே சட்ட நிலை. நோயாளியைப் பார்க்க வருகிறவர் எடுத்துவரும் ஹாட்ஸ்பாட்டை எதிர்த்து எஃப்சிசியிடம் முறையிட முடியாது. உயிருக்கு ஆபத்தான கட்டத்தில் உள்ளவர்களின் கண்காணிப்பு, முடிந்தவரை, பாதுகாக்கப்பட்ட அலைவரிசையில் இருப்பதே நல்லது என்பது என் கருத்து. உடம்பில் ஒட்டும் சென்சார்களுக்காக 2012-இல் 2360 முதல் 2400 மெகாஹெர்ட்ஸ் வரை இன்னொரு ஒதுக்கீடு வந்தது. விமானச் சோதனைகளோடு பகிர வேண்டியிருப்பதால் 2390-க்குக் கீழே கட்டடத்துக்குள் மட்டும்தான், அதற்கும் பதிவு வேண்டும்.

குறுக்கீடு வந்துவிட்டால் நேரத்தையும் படுக்கை எண்ணையும் முதலில் குறித்துக்கொள்ளுங்கள். ஒரே பெட்டியா, ஒரு தளம் முழுவதுமா என்று பிரித்தாலே பாதி விடை கிடைத்துவிடும்: ஒரு பெட்டி என்றால் பெரும்பாலும் ஒயரோ பேட்டரியோ, தளம் முழுவதும் என்றால் ஆன்டெனாவோ வெளி அலையோ. பயோமெடிக்கல் பிரிவு, தயாரிப்பாளர், ஆஷி, வெளி அலை என்று தெரிந்தால் எஃப்சிசி, இந்த வரிசையில் போங்கள். கருவி தடுமாறியதை எஃப்டிஏவிடமும் தெரிவிக்கலாம்.

ஊரில் உள்ளவர்களுக்கு ஒரு விஷயம். இந்த விதி அமெரிக்காவுக்கு மட்டும்தான். அங்கே பயன்படுத்திய டெலிமெட்ரி பெட்டிகளை மலிவு விலையில் இறக்கித் தருகிறோம் என்று யாராவது வந்தால், முதலில் அது எந்த அலைவரிசை என்று கேளுங்கள். இந்தியாவில் 612 மெகாஹெர்ட்ஸில் தொடங்கும் பட்டையைச் செல்போன் சேவைக்காக 2022 ஏலத்தில் வைத்தார்கள், யாரும் எடுக்கவில்லை, ஆனால் நாளை எடுக்கலாம். வயர்லெஸ் கருவி எதுவாக இருந்தாலும் இங்கே மத்திய அரசின் அலைவரிசை விவகாரங்களைக் கவனிக்கும் டபிள்யூபிசி பிரிவின் ஒப்புதல்தான் கணக்கு, பெட்டியின் பின்னால் உள்ள எஃப்சிசி எண் இங்கே செல்லாது. அந்த ஒப்புதல் சான்றிதழை, பணம் கட்டுவதற்கு முன்பே கேட்டு வாங்கிப் பாருங்கள்.