பேச்சை எழுதிக் கொடுக்காதீர்கள்

“நாலு பேர் முன்னால் வாயைத் திறக்கவே மாட்டேன் என்கிறான். ஒரு தடவை மேடையேற்றிவிட்டால் பயம் தெளிந்துவிடும் அல்லவா?” பதின்வயதுப் பிள்ளைகளுக்கான மனநல ஆலோசகராக இருக்கும் என்னிடம் பல பெற்றோர்கள் இப்படித்தான் பேச்சைத் தொடங்குகிறார்கள். கேள்வியோடு ஒரு தாளும் வந்துவிடும். அம்மாவோ அப்பாவோ ஆசிரியரோ எழுதிக் கொடுத்த பேச்சு அது. குரல் எங்கே ஏற வேண்டும், கை எங்கே உயர வேண்டும் என்பதுகூட ஓரத்தில் குறிக்கப்பட்டிருக்கும்.

எனக்கு அந்தத் தாளோடுதான் சண்டை. ஒப்பிப்பது நல்ல நினைவுப் பயிற்சி, மறுக்கவில்லை. ஆனால் பயந்த சுபாவமுள்ள பிள்ளைக்கு அது துணை நிற்காது. ஒரு வரி மறந்தால் அடுத்ததும் வராது. பொருள் புரிந்து சொல்லாமல் வரிசையை நம்பிச் சொல்வதால் வரும் வினை. ஒருவேளை தடங்கல் இல்லாமல் முடித்துக் கைதட்டல் வாங்கினாலும், அதில் பாதி எழுதிக் கொடுத்தவருக்குச் சேர வேண்டியது என்பது பிள்ளைக்குத் தெரியாதா என்ன?

மேடைப் பயத்தைக் கோழைத்தனம் என்று எண்ணுவதையும் விட்டுவிட வேண்டும். மன அழுத்தத்தை ஆய்வுக்கூடத்தில் வரவழைக்க ஆய்வாளர்கள் இன்றும் கையாளும் ஒரு முறை, ஜெர்மனியின் ட்ரியர் பல்கலைக்கழகத்தில் உருவாகி 1993-இல் வெளியானது. முகத்தில் எந்தச் சலனமும் காட்டாத நடுவர்கள் முன் 5 நிமிடம் பேச வேண்டும். பிறகு சத்தமாக மனக்கணக்குப் போட வேண்டும். அவ்வளவுதான். ஆரோக்கியமான பெரியவர்களுக்கே, மன அழுத்தத்தின்போது உடலில் சுரக்கும் கார்டிசால் என்ற ஹார்மோன் ஏறிவிடுகிறது. அந்தச் சலனமற்ற முகங்களைக் கவனியுங்கள். பிள்ளைகள் பேசும்போது நாம் எந்த முகத்தோடு உட்கார்ந்திருக்கிறோம்?

நான் நடத்தும் குழு அமர்வுகளில் தலைப்பு கொடுப்பதில்லை. “உன்னைச் சுற்றி எது சரியில்லை? உன்னிடம் விட்டால் எப்படி மாற்றுவாய்?” என்று மட்டும் கேட்பேன். “தெரியவில்லை” என்பதுதான் அநேகமாக முதல் பதில். அவசரப்படாமல் காத்திருந்தால் இரண்டாவது பதில் வரும்.

எட்டாம் வகுப்பு மாணவி ஒருத்தி. அவள் குரல் எதிரில் இருக்கும் மேசையைத் தாண்டாது. பள்ளியில் குடிநீர்க் குழாய்கள் சின்னப் பிள்ளைகளுக்கு எட்டவில்லை என்றாள். ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகள் காலி பாட்டிலோடு யாராவது பெரியவர்கள் வரட்டும் என்று நிற்பதைப் பார்த்திருக்கிறாள். அடுத்த அமர்வுக்கு வரும்போது குழாயின் உயரத்தை அளந்து, நோட்டில் படமாக வரைந்து கொண்டுவந்தாள். பேச்சு என்று எதையும் எழுதவில்லை. படத்தில் விரல் வைத்துக் காட்டிக்காட்டிச் சொன்னாள்.

“குழாயை இறக்கினால் நாங்கள் குனிய வேண்டுமே?” என்று ஒரு பையன் மடக்கினான். அவள் படத்தையே சற்று நேரம் பார்த்தாள். “அதை நான் யோசிக்கவில்லை” என்றாள். பிறகு, “எல்லாவற்றையும் இறக்க வேண்டாம், கடைசிக் குழாய் ஒன்று போதும்” என்று அவள் சொன்னது பின்வரிசைக்கும் கேட்டது.

எழுதிக் கொடுத்த தாளில் இந்தப் பதில் இருந்திருக்காது. உளவியலாளர் ஆல்பர்ட் பண்டூரா 1977-இல் முன்வைத்த கோட்பாட்டின்படி, ‘என்னால் முடியும்’ என்ற நம்பிக்கைக்கு வலுவான ஊற்று, தானே ஒன்றைச் செய்து முடித்த அனுபவம்தான். பிறர் தரும் ஊக்க வார்த்தைகள் அதற்குப் பின்னால் வருபவை. ஆகவே ஒவ்வொரு பேச்சுக்குப் பிறகும் ஒரு கேள்வியாவது கேட்கப்பட வேண்டும் என்பதில் நான் பிடிவாதமாக இருக்கிறேன். பாராட்டைக் கேள்வியாக மாற்றிக் கேட்பது கணக்கில் சேராது. கேட்பவருக்கு உண்மையாகவே எழுந்த சந்தேகமாக இருக்க வேண்டும்.

கூட்டத்தையும் மெல்ல மெல்லத்தான் பெருக்க வேண்டும். முதலில் பக்கத்தில் இருக்கும் ஒருவருக்கு, பிறகு நாலைந்து பேருக்கு, அதன் பிறகு வகுப்புக்கு. மைக் கடைசியில் வந்தால் போதும். (மைக் ஆசை பிள்ளைகளைவிடப் பெரியவர்களுக்குத்தான் அதிகம்.)

“பயப்படாதே” என்று சொல்லிப் பயன் கண்டவர்களை நான் பார்த்ததில்லை. அதற்குப் பதிலாகச் சொல்ல உருப்படியான ஒன்று உண்டு. சாவிட்ஸ்கி, கிலோவிச் என்ற இரு உளவியலாளர்கள் 2003-இல் வெளியிட்ட ஆய்வில், பேசப்போகிறவர்களிடம் “உங்கள் பதற்றம் நீங்கள் நினைக்கும் அளவுக்கு வெளியே தெரியாது” என்று முன்கூட்டியே விளக்கினார்கள். அதைக் கேட்டுவிட்டுப் பேசியவர்கள், கேட்காதவர்களைவிட நன்றாகப் பேசினார்கள். பார்வையாளர்களும் அப்படியே மதிப்பிட்டார்கள். நெஞ்சு படபடப்பது பேசுபவருக்குத்தான் கேட்கிறது, முன்வரிசைக்குக் கேட்பதில்லை. இதை நான் பிள்ளைகளிடம் நேராகவே சொல்லிவிடுகிறேன்.

பேசி முடித்து இறங்கியதும் “ஏன் கையைப் பிசைந்துகொண்டே நின்றாய்?” என்று தொடங்காதீர்கள். அதை இன்னொரு நாள் பார்த்துக்கொள்ளலாம். முதலில் அவன் சொன்ன யோசனையைப் பற்றிப் பேசுங்கள். உடன்பாடில்லை என்றால் அதையும் சொல்லுங்கள். பாதிப் பேச்சில் நிறுத்தி உச்சரிப்பைத் திருத்துவதைப் போன்ற கெடுதல் வேறில்லை.

எல்லாப் பிள்ளைகளுக்கும் இது மட்டுமே போதாது. வகுப்பில் பேச வேண்டிய நாளில் தவறாமல் வயிற்றுவலி, பிறர் பார்க்கச் சாப்பிடக் கூச்சம், தொலைபேசியை எடுக்கவும் தயக்கம் என்று மாதக்கணக்கில் நீடித்தால் அது சமூகப் பதற்றக் கோளாறாக இருக்கலாம். பதின்வயதின் தொடக்கத்தில் தலைகாட்டும் இந்தக் கோளாறுக்கு நல்ல சிகிச்சை இருக்கிறது. அதைவிட்டு வலுக்கட்டாயமாக மேடைக்குத் தள்ளினால் பயம் இன்னும் இறுகும். திக்கிப் பேசும் பிள்ளையென்றால் பேச்சுச் சிகிச்சையாளரைப் பாருங்கள். ஆனால் அதுவரை அவனைப் பேச்சிலிருந்து ஒதுக்கி வைக்க வேண்டியதில்லை. மணியடித்து நிறுத்தும் வழக்கத்தை அவனுக்காகத் தளர்த்திவிடுங்கள். அவன் தொடங்கிய சொல்லை நீங்கள் முடித்துக் கொடுக்காதீர்கள்.