ஸ்லாக்லைன்: கடற்கரைத் தென்னையில் கட்டும் பட்டி எவ்வளவு தாங்கும்?

ஸ்லாக்லைன் என்பது இரண்டு மரங்களுக்கு நடுவே இறுக்கிக் கட்டி, மேலே ஏறி நடக்கும் தட்டைப் பட்டி. இலங்கையின் கிழக்குக் கரையில் அறுகம் குடாவிலும் பாசிக்குடாவிலும் தென்னைகளுக்கு நடுவே அதைக் கட்டுகிறவர்கள் ஏறுகிற ஆளின் எடையைத்தான் யோசிப்பார்கள். ஆனால் பட்டியை அறுப்பது பெரும்பாலும் எடையல்ல, இறுக்கம். ஆள் நடுவில் நிற்கையில் பட்டி எவ்வளவு தொய்கிறது என்று அளவுநாடாவால் பாருங்கள். எடையை நீளத்தால் பெருக்கி, தொய்வின் நான்கு மடங்கால் வகுத்தால் இழுவிசை வரும். 15 மீற்றர் பட்டியில் 70 கிலோ ஆள் நின்று 50 சென்ரிமீற்றர் தொய்ந்தால் ஏறக்குறைய 525 கிலோ. தொய்வு 25 சென்ரிமீற்றர் என்றால் 1,050 கிலோ. குதித்தால் இன்னும் எகிறும்.

ஸ்லாக்லைனுக்கு லொறியில் சரக்குக் கட்டும் பட்டியைப் பாவித்தால் அதன் லேபிளைப் பாருங்கள். அதில் எல்.சி. (பாவிக்கக்கூடிய அதிகபட்ச இழுவை) 2,500 டெக்காநியூட்டன் என்றிருந்தால், நேர் இழுவையில் சுமார் 2.5 தொன் வரை பாவிக்கலாம். நீல லேபிள் பொலியெஸ்டர், பச்சை நைலோன். கடற்கரைக்குப் பொலியெஸ்டரே நல்லது; நைலோன் நனைந்தால் பலம் குறையும். முடிச்சுப் போட்ட பட்டிக்கு அந்த எண் செல்லாது. முடிச்சு மூன்றிலொரு பங்கு முதல் பாதி வரை பலத்தைத் தின்றுவிடும்.

அதிகம் வில்லங்கம் தருவது ரட்செட்தான், அதாவது கைப்பிடியை ஆட்டிப் பட்டியை இறுக்கும் பற்சக்கரக் கருவி. பட்டி சரிந்து நுழைந்தால் ஓரம் இரும்புச் சட்டத்தில் உரசி அறுபடும். அச்சில் இரண்டு சுற்றுக்குக் குறைந்தால் வழுக்கும், மிதமிஞ்சிச் சுற்றினால் சிக்கி அவிழ்க்க முடியாமல் போகும். பல்லில் விழும் பூட்டுக்குள் மணலும் உப்பும் சேர்ந்தால் அது முழுதாக விழாது, பாதிப் பல்லில் தொங்கும். கண்ணுக்குப் பூட்டியது போலவே தெரியும். ஒவ்வொரு முறையும் கட்டுமுன் கைப்பிடியை ஆட்டி, பூட்டு அடிவரை இறங்குகிறதா என்று பாருங்கள். ரட்செட்டைத் தனிக் கயிற்றால் மரத்தோடு சேர்த்துக் கட்டுங்கள்; பட்டி அறுந்தால் அந்த இரும்பு பறக்கும். இறுக்கும்போதோ அவிழ்க்கும்போதோ பட்டியின் நேர்கோட்டில் யாரும் நிற்கக்கூடாது.

மரத்தைச் சுற்றும் வளையம் குட்டையாக இருந்தால் அதன் இரு கால்களும் அகலமாக விரியும். கால்களுக்கிடையே 120 பாகை இருந்தால் ஒவ்வொரு காலும் முழு இழுவையையும் சுமக்கும். 60 பாகையில் 58 வீதம்தான். தென்னந்தண்டில் பட்ட காயம் ஆறாது, ஆகையால் சாக்கை மடித்து வையுங்கள். குலையையும் ஒரு தடவை அண்ணாந்து பாருங்கள்.

கச்சான் காற்று வீசும் காலத்து வெயிலில் பட்டியை நாட்கணக்கில் கட்டியே விடுவது அதைக் கொல்லும் வழி. நல்ல தண்ணீரில் அலசி நிழலில் உலர்த்துங்கள். நிறம் வெளிறி, தடவினால் விறைப்பாக, ஓரத்தில் நூல் கிளம்பியிருந்தால் கழித்துவிடலாம். கழித்ததைத் துண்டு துண்டாக வெட்டுங்கள்; முழுதாகக் கிடந்தால் யாராவது தோணி இழுக்க எடுத்துப்போவார்கள்.