ஸ்கேனில் தெரிந்தால்தான் இந்த ஊசி

“வெளியிலிருந்து கரண்ட் வைக்க வேண்டாமாம், ஊசி போட்டாலே கதிர் நேராகப் புற்றுக்குப் போய்விடுமாம். எங்கள் அப்பாவுக்கு அதைக் கொடுங்கள்.” தென்னாப்பிரிக்காவின் பிரிட்டோரியாவில் நான் வேலை செய்யும் கதிர்மருந்துப் பிரிவுக்குப் பக்கத்து லாடியத்திலிருந்தும் டர்பனிலிருந்தும் வரும் தமிழ்க் குடும்பங்கள் இப்போது அடிக்கடி இப்படிக் கேட்கின்றன. கேட்பது நல்லதுதான். ஆனால் அந்த ஊசி எப்படி வேலை செய்கிறது என்று தெரிந்துகொண்டு கேட்டால், “இல்லை” என்ற பதில் வரும்போது மனம் உடையாது.

புராஸ்டேட் புற்றையே எடுத்துக்கொள்வோம். அந்தச் செல்களின் மேற்பரப்பில் பி.எஸ்.எம்.ஏ. என்றொரு புரதம் நிறைய இருக்கும். அதைத் தேடிப் பிடித்து ஒட்டிக்கொள்ளும் சிறிய மூலக்கூறுகளை வேதியியலாளர்கள் உருவாக்கினார்கள். அவற்றில் பி.எஸ்.எம்.ஏ.-617 ஜெர்மனியின் ஹைடல்பெர்க்கில் உருவானது. மூலக்கூறின் ஒரு முனை புரதத்தைப் பிடிக்கும். மறுமுனையில் இருக்கும் டோட்டா என்ற கூண்டு லுட்டீசியம்-177 என்ற கதிரியக்க உலோகத்தை உள்ளே வைத்திருக்கும். இரண்டையும் ஒரு இணைப்புத் துண்டு சேர்க்கிறது. இந்த இணைப்பைக் கொஞ்சம் மாற்றினாலும் மருந்து சிறுநீரகத்தில் எவ்வளவு தங்கும், கட்டிக்குள் எவ்வளவு போகும் என்பது மாறிவிடும். பல வருட ஆராய்ச்சி போனது இந்த இடத்தில்தான்.

லுட்டீசியம் வெளியிடும் பீட்டா கதிர் திசுவுக்குள் அதிகபட்சம் சுமார் 2 மில்லிமீட்டர்தான் போகும். எலும்பில் பத்து இடத்தில் பரவியிருந்தாலும் மருந்து ரத்தத்தோடு போய் ஒவ்வொரு இடத்திலும் ஒட்டும். வெளியிலிருந்து கதிர் பாய்ச்சும்போது அத்தனை இடத்தையும் குறிவைப்பது கடினம்.

எங்கள் வேலை ஈயச் சுவருக்குப் பின்னால் நடக்கிறது. உலோகத்தையும் மூலக்கூறையும் சேர்த்துச் சுமார் 95 டிகிரியில் சூடாக்குவோம். அப்புறம் ஒரு சிறு தாள்பட்டையில் ஒரு சொட்டு வைத்து, கூண்டுக்குள் போகாத உலோகம் எவ்வளவு மிச்சம் என்று பார்ப்போம். 95 சதவீதத்துக்குக் குறைவாக ஒட்டியிருந்தால் அந்தக் குப்பி நோயாளிக்குப் போகாது. கூண்டை விட்டு வெளியே சுற்றும் லுட்டீசியம் எலும்பிலும் கல்லீரலிலும் போய்ப் படியும். எலும்பு மஜ்ஜைக்கு அது கேடு. இன்னொன்று, கதிர் தான் ஏறியிருக்கும் மூலக்கூறையே சிதைக்கும். அதைத் தடுக்க வைட்டமின் சி சேர்க்கிறோம். இதைக் கேட்டால் பலருக்கு ஆச்சரியமாக இருக்கும்.

சரி, ஏன் எல்லோருக்கும் கொடுப்பதில்லை? முதலில் அதே புரதத்தைத் தேடும் மூலக்கூறில், படமெடுக்க உதவும் காலியம்-68 என்ற கதிரியக்க உலோகத்தை ஏற்றி பெட் ஸ்கேன் எடுப்போம். கட்டிகள் ஒளிர்ந்தால் சிகிச்சை மருந்தும் அங்கே போகும். ஒளிராத கட்டிக்கு மருந்து போகாது. ஆனால் கதிரின் பக்கவிளைவு மட்டும் உடம்புக்கு மிஞ்சும். இந்த லுட்டீசியம் மருந்தைச் சோதித்து 2021இல் வெளியான விஷன் ஆய்வில் ஸ்கேன் எடுத்தவர்களில் சுமார் எட்டில் ஒருவர் இந்தக் கட்டத்திலேயே தகுதி பெறவில்லை. “பணம் இல்லாததால் ஒதுக்குகிறார்கள்” என்று சில குடும்பங்கள் வருந்துவதைப் பார்த்திருக்கிறேன். ஸ்கேன் படத்தைத் திரையில் காட்டச் சொல்லி டாக்டரிடம் கேளுங்கள். எந்த இடம் ஒளிர்கிறது, எது ஒளிரவில்லை என்று உங்கள் கண்ணுக்கே தெரியும். இது உங்கள் உரிமை.

எதிர்பார்ப்பும் சரியான அளவில் இருக்க வேண்டும். அதே ஆய்வில் 831 பேர். ஹார்மோன் மாத்திரை, கீமோ எல்லாம் பார்த்த பிறகும் நோய் வளர்ந்தவர்கள். வழக்கமான சிகிச்சை மட்டும் பெற்றவர்களின் இடைநிலை ஆயுள், அதாவது பாதிப் பேர் தாண்டி வாழ்ந்த காலம், 11.3 மாதம், இந்த மருந்தும் சேர்த்துப் பெற்றவர்களுக்கு 15.3 மாதம். முழுக் குணம் என்று யாராவது விளம்பரம் செய்தால் நம்பாதீர்கள். ஆனால் எலும்பு வலி குறைந்து, எழுந்து நடக்கும் நாட்கள் கூடுவது சிறிய விஷயம் இல்லை.

இந்தத் துறையில் தென்னாப்பிரிக்காவுக்கும் பெரிய பங்கு உண்டு. பிரிட்டோரியாவுக்கு மேற்கே பெலிண்டாபாவில் 1965இலிருந்து இயங்கும் சஃபாரி-1 அணு உலை மருத்துவத்துக்கான கதிரியக்கப் பொருள்களை (ஐசோடோப்புகளை) தருகிறது. பேராசிரியர் மைக் சதேக்கேயின் குழு லுட்டீசியத்துக்குப் பதில் ஆக்டினியம்-225 என்ற வேறொரு கதிரியக்க உலோகத்தை ஏற்றிப் பார்த்தது. அதன் ஆல்பா கதிர் சில செல்களின் அகலத்துக்குள்ளேயே அடங்கிவிடும், ஆனால் அடி பலமானது. 2019இல் அவர்கள் வெளியிட்ட முதல் முடிவில் கீமோ பெறாத 17 பேரில் 14 பேருக்கு பி.எஸ்.ஏ. (இந்தப் புற்றின் போக்கைக் காட்டும் ரத்தப் பரிசோதனை அளவு) 90 சதவீதமோ அதற்கு மேலோ இறங்கியது. பிரச்சினை எச்சில் சுரப்பி. மருந்து அங்கேயும் சேர்வதால் வாய் வறண்டு, சோறு விழுங்கவே கஷ்டமாகி, வேறு மருத்துவமனைகளில் சிலர் சிகிச்சையையே நிறுத்தினார்கள். அதனால் சதேக்கே குழுவினர் கட்டி சுருங்கச் சுருங்க அடுத்த தவணையின் அளவைக் குறைத்துக் கொடுத்தார்கள். எச்சில் சுரப்பியைத் தொடாத மூலக்கூறு வேண்டும் என்பதுதான் இன்று ஆய்வகங்களில் நடக்கும் பெரிய தேடல்.

வீட்டு விஷயம் கொஞ்சம். லுட்டீசியம் ஊசி பெரும்பாலும் ஆறு வாரத்துக்கு ஒன்று, ஆறு முறை வரை. உடம்பில் ஒட்டாத மருந்து சிறுநீரில் வெளியேறும். உட்கார்ந்தே சிறுநீர் கழிக்க வேண்டும், இரண்டு முறை தண்ணீர் விட வேண்டும், கையை நன்றாகக் கழுவ வேண்டும். குழந்தைகளையும் கர்ப்பிணிகளையும் ஒரு வாரம் நெருக்கமாக வைத்துக்கொள்ளக் கூடாது. கர்ப்பிணி இருக்கும் அறையில் 15 நாள் தூங்கக் கூடாது. சமைத்துக் கொடுக்கலாம், பேசலாம், தள்ளி உட்கார்ந்து ஒன்றாகச் சாப்பிடலாம். தனித் தட்டு வைத்து மூலையில் ஒதுக்க வேண்டிய அவசியமே இல்லை.

தேதி விஷயத்தில் மட்டும் கறாராக இருப்போம். லுட்டீசியத்தின் அரை ஆயுள், அதாவது அதன் கதிர் பாதியாகக் குறையும் காலம், 6.65 நாள். வெயிலில் வைத்த ஐஸ் மாதிரி, பயன்படுத்தினாலும் இல்லாவிட்டாலும் அது கரைந்துகொண்டே இருக்கும். உங்கள் பெயரில் வந்த மருந்தை அடுத்த வாரத்துக்குத் தள்ளி வைக்க முடியாது. லாடியத்துத் தாத்தா ஒருவர், “தம்பி, தைப்பூசத்துக்கு அலகு குத்திக் காவடி எடுக்கிறேன்னு நேர்ந்திருக்கேன்” என்று நாங்கள் மருந்துக்கு ஆர்டர் போடும் முன்பே சொன்னது நல்லதாகப் போனது. அடுத்த ஊசியைத் திருவிழாவுக்குப் பின் வைத்தோம். ஆனால் முந்தைய தவணையால் அவருடைய ரத்தத் தட்டுகளும் வெள்ளை அணுக்களும் குறைந்திருந்தன. குத்தினால் ரத்தம் நிற்காது, கிருமி ஏறும். கோயில் ஐயரும் அதையே எடுத்துச் சொன்னார். அலகு இல்லாமல் காவடி மட்டும் எடுத்தார். திருவிழா, கல்யாணம், பேரக்குழந்தை வருகிற தேதி எதுவானாலும் மருந்துக்கு ஆர்டர் போடும் முன்பே எங்களிடம் சொல்லிவிடுங்கள்.