சூட்டு வலியா, பிள்ளை வலியா?

தங்கைக்கு நிறைமாதம். ராமேஸ்வரம் தீவில், தங்கச்சிமடத்தில் எங்கள் வீட்டில் எல்லாரும் படுத்து ஒரு மணி நேரம் ஆகியிருக்கும். அவள் அடிவயிற்றைப் பிடித்துக்கொண்டு எழுந்து உட்கார்ந்தாள். நான் போனைத் தேடினேன். அப்பத்தா தீப்பெட்டியைத் தேடியது.

வெறும் சட்டியில் சீரகத்தைப் போட்டு, அது பொரிந்து மணக்கும்போது தண்ணீரை ஊற்றியது. கொதித்ததும் ஒரு துண்டு கருப்பட்டியைத் தட்டிப் போட்டு, வடிகட்டி, மேலே சுண்டைக்காய் அளவு வெண்ணெய். இரண்டு டம்ளர் நிறைய. “குடிச்சுட்டு இடது பக்கமாப் படு ஆத்தா. நின்னுச்சுன்னா சூட்டு வலி. நிக்காட்டி பிள்ளை வலி, அண்ணனை வண்டிக்குச் சொல்லச் சொல்லுவோம்.”

தென் மாவட்டங்களில் பல வீடுகளில் இருக்கிற வழக்கம்தான் இது. இதில் எனக்குப் பிடித்த விஷயம், அந்தக் கஷாயத்தை வலிக்கு மருந்து என்று யாரும் சொல்வதில்லை. வலி எந்த வகை என்று கண்டுபிடிக்கத்தான் கொடுக்கிறார்கள். ஒன்றைச் செய், காத்திரு, என்ன ஆகிறது என்று பார். ஆய்வகத்தில் செய்வதும் இதைத்தான்.

கடைசி மாதங்களில் கருப்பை அவ்வப்போது இறுகித் தளர்வதை 1872-இல் இங்கிலாந்து மருத்துவர் ஜான் பிராக்ஸ்டன் ஹிக்ஸ் விவரித்து எழுதினார். அதனால் மருத்துவமனைகளில் அந்தப் பொய் வலிக்கு அவர் பெயர்தான். ஒழுங்கான இடைவெளியில் வராது. போகப் போகக் கூடாது. எழுந்து நடந்தாலோ, படுத்தாலோ, தண்ணீர் குடித்தாலோ அடங்கிவிடும். நம் ஆட்கள் சூட்டினால் வருகிறது என்று சூட்டு வலி என்றார்கள். அந்தப் பெயர் அப்படியொன்றும் தப்பில்லை.

வியர்வையாக நீர் போகப் போக இரத்தம் லேசாகச் செறிவாகிறது. நூற்றுக்கு ஒன்று இரண்டு பங்கு கூடினாலே மூளை கண்டுபிடித்துவிடும். உடனே பிட்யூட்டரி சுரப்பியின் பின்பகுதியிலிருந்து வாசோபிரெசின் என்ற ஹார்மோனை இறக்குகிறது. ‘சிறுநீரை அடக்கு, தண்ணீரை மிச்சம் பிடி’ என்று சிறுநீரகத்துக்குப் போகிற கட்டளை அது. அதே இடத்திலிருந்து வரும் இன்னொரு ஹார்மோன் ஆக்ஸிடோசின். பிரசவத்தில் கருப்பையைச் சுருங்க வைப்பது. இரண்டும் கிட்டத்தட்ட இரட்டைப் பிள்ளைகள். ஒவ்வொன்றிலும் 9 அமினோ அமிலங்கள், அதில் 7 ஒன்றே. கருப்பைத் தசையிலும் வாசோபிரெசின் பொருந்தும் ஏற்பிகள் உண்டு. தாகத்துக்காக அனுப்பிய ஆள் பக்கத்து வீட்டுக் கதவையும் தட்டிவிட்டுப் போகிற கதையாக இருக்கலாம் இது. தண்ணீர் உள்ளே போனால் தட்டுவது நிற்கிறது.

அப்படியானால் கஷாயத்தில் பெரும்பங்கு வேலை தண்ணீருடையது. சீரகம் செரிமானத்துக்கு உதவலாம்; ஒன்பதாம் மாதத்தில் வாயுப் பிடிப்பும் பிரசவ வலி மாதிரி வேடம் போடும். ஆனால் சீரகத்தின் பெரிய உதவி, உப்புக் கரிக்கிற தண்ணீரை ஒரு பெண் விருப்பத்தோடு இரண்டு டம்ளர் குடிக்கும்படி செய்வதுதான் என்று எனக்குத் தோன்றுகிறது.

இந்தக் கரையில் அது சின்ன உதவி இல்லை. குடங்களை வரிசையாக அடுக்கிய தள்ளுவண்டியை வெயிலில் தள்ளிக்கொண்டு போகும் பெண்களை ராமநாதபுரம் மாவட்டத்தில் எங்கும் பார்க்கலாம். கடலில் இறங்கிப் பாசி எடுக்கிறவர்களும், மணலில் கருவாடு காயப் போடுகிறவர்களும், வேலை நேரத்தில் ஒதுங்க இடமில்லை என்பதற்காகவே தண்ணீர் குடிக்காமல் இருப்பார்கள். வயிற்றில் பிள்ளை இருந்தாலும் அந்தப் பழக்கம் மாறுவதில்லை.

சரி, உண்மையான வலி வந்திருந்தால் தண்ணீர் அதையும் நிறுத்திவிடாதா? நிறுத்தாது. நாள் முந்திப் பிரசவ வலி வந்த பெண்களுக்கு நரம்பு வழியாகத் திரவம் ஏற்றிப் பார்த்த சோதனைகளில், அதனால் பிரசவம் தள்ளிப்போகவில்லை. பொய் வலி பெரும்பாலும் தண்ணீருக்கு அடங்கும், மெய் வலி அடங்காது. அப்பத்தாவின் சோதனை நிற்பதே இந்த வித்தியாசத்தின் மேல்தான். ஆனால் 37 வாரம் முடியாதவர், நீர்க்குடம் உடைந்தவர், இரத்தம் பட்டவர், பிள்ளை அசைவு குறைந்ததாக உணர்பவர் யாருக்கும் இந்தச் சோதனை கிடையாது. அவர்களுக்கு அடுப்பு பற்றவைக்கும் நேரம்கூட வீண்.

இரண்டு வலிக்கும் வித்தியாசம் எங்கிருந்து வருகிறது என்பதைக் கரைவலை இழுப்பதைப் பார்த்தவருக்குச் சொல்வது சுலபம். இரண்டு கயிறுகளிலும் ஆட்கள் நிற்கிறார்கள். ஆளுக்கொரு நேரத்தில் இழுத்தால் கயிறு துடிக்கும், கை வலிக்கும், வலை நகராது. ஒருவர் அம்பா என்ற மீனவர் பாட்டை எடுத்துப் பாட, எல்லாரும் ஒரே தாளத்தில் சாய்ந்தால்தான் வலையின் மடி கரையேறும். கருப்பைத் தசை செல்கள் மாதக்கணக்கில் தாளமில்லாமல்தான் நிற்கின்றன. பிரசவம் நெருங்கும்போது பக்கத்துப் பக்கத்துச் செல்களுக்கு நடுவே கனெக்ஸின் 43 என்ற புரதத்தால் நுண்ணிய வாசல்கள் பெருகுகின்றன. ஒரு செல்லில் எழும் மின்துடிப்பு அதன் வழியே அடுத்த செல்லுக்குப் பாய்கிறது. கூடவே ஆக்ஸிடோசின் ஏற்பிகளும் பல மடங்காகின்றன. இன்னொரு பக்கம், இத்தனை மாதம் மூக்கு நுனி போல விறைப்பாக இருந்த கருப்பை வாயில் கொலாஜன் இழைகள் தளர்ந்து, அது உதடு போல மெத்தென்று ஆகிறது. இவ்வளவும் நடந்த பிறகே வலி பிள்ளை வலி ஆகும். அதற்கு முன்னால் எந்தக் கஷாயத்தைக் குடித்தாலும், பாட்டு தெரியாத ஆட்களைக் கயிற்றில் நிறுத்திவிட்டு ‘இழு இழு’ என்று கத்துவதுதான்.

நாள் தள்ளிப்போனால் விளக்கெண்ணெய் கொடுக்கும் வழக்கத்தை இங்கே வைத்துப் பார்க்கலாம். வழுக்கிக்கொண்டு வந்துவிடும் என்பது வீட்டு நியாயம். உடம்புக்குள் நடப்பது வேறு. ஆமணக்கு எண்ணெயின் கொழுப்பு அமிலங்களில் பத்தில் ஒன்பது பங்கு ரிசினோலிக் அமிலம். சிறுகுடலில் எண்ணெய் உடைந்து அது வெளியே வருகிறது. அந்த அமிலம் எந்தக் கதவைத் திறக்கிறது என்பதை ஜெர்மனியில் எலிகளை வைத்துக் கண்டுபிடித்து 2012-இல் வெளியிட்டார்கள். புரோஸ்டாகிளாண்டின் என்ற சுரப்புக்காகத் தசையில் இருக்கும் ஈபி3 என்ற ஏற்பிதான் அந்தக் கதவு. ஈபி3 இல்லாத எலிகளுக்கு எண்ணெய் கொடுத்தால் வயிறும் போகவில்லை, கருப்பையும் சுருங்கவில்லை. குடலுக்கும் கருப்பைக்கும் ஒரே சாவி.

ஆக, பாட்டிமார் சும்மா சொல்லவில்லை. எண்ணெய்க்கு வேலை இருக்கிறது. ஆனால் அந்த வேலைக்கு அளவு சொல்ல முடியாது. கொடுத்த பிறகு திரும்ப எடுக்கவும் முடியாது. மருத்துவமனையில் ஆக்ஸிடோசின் ஏற்றும்போது வலி அதிகமானால் சொட்டை நிறுத்துகிறார்கள். குடித்த எண்ணெயை யார் நிறுத்துவது? மூன்று சோதனைகளில் சேர்ந்த 233 பெண்களின் முடிவுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, பலன் உறுதியாகவில்லை. எண்ணெய் குடித்த அத்தனை பேருக்கும் குமட்டியது மட்டும் உறுதியானது. இன்னொரு சிக்கலும் உண்டு. வயிறு போனால் உடம்பு வறண்டுவிடும், வறண்டால் பொய் வலி வரலாம். இப்போது வந்திருப்பது எந்த வலி என்று அப்பத்தாவாலும் சொல்ல முடியாது. நான் இதற்குச் சம்மதிக்கவே மாட்டேன்.

பேரீச்சம்பழத்தின் கதை கொஞ்சம் இனிப்பு. குர்ஆனில் ஏசுவின் தாய் மர்யம் பிரசவ வலியில் பேரீச்ச மரத்தடியில் பழம் உண்டதைக் கேட்டு வளர்ந்த கீழக்கரை, பெரியபட்டினம் வீடுகளில், வளைகுடாவிலிருந்து வருகிற பெட்டியில் ஒரு பொட்டலம் பிள்ளைத்தாய்ச்சிக்கு என்று ஒதுங்கிவிடும். ஜோர்டானில் நடத்தி 2011-இல் வெளியான ஆய்வில், கடைசி 4 வாரம் தினம் 6 பழம் சாப்பிட்ட 69 பேரையும், சாப்பிடாத 45 பேரையும் ஒப்பிட்டார்கள். சாப்பிட்டவர்களில் 96 விழுக்காட்டினருக்கு வலி தானாக வந்தது; மற்றவர்களில் 79. ஆனால் யார் சாப்பிடுவது என்று சீட்டுக் குலுக்கிப் பிரித்த ஆய்வு இல்லை அது. ஆகவே பாதி நம்பலாம். கர்ப்பகாலச் சர்க்கரை இருக்கிறவர் டாக்டரைக் கேட்காமல் கை வைக்கக் கூடாது. சிங்கப்பூர்ச் சொந்தக்காரர்கள் அனுப்பும் ராஸ்பெர்ரி இலை டீ பற்றியும் கேட்கிறார்கள். ஆஸ்திரேலியாவில் 192 பெண்களை இரண்டாகப் பிரித்து, ஒரு பிரிவுக்கு மட்டும் 32-ஆம் வாரத்திலிருந்து அந்த இலையை மாத்திரையாகக் கொடுத்துப் பார்த்தார்கள். பிள்ளையைத் தள்ளும் கட்டம் சுமார் 10 நிமிடம் குறைந்தது, அவ்வளவுதான்.

எனக்குக் கவலை தருவது கால் வீக்கத்துக்கும் இருமலுக்கும் கொடுக்கிற கஷாயங்கள்தான். யாரும் அவற்றைப் பெரிதாக நினைப்பதில்லை என்பதாலேயே.

கர்ப்ப முடிவில் ஒரு பெண்ணின் உடம்பு 6 முதல் 8 லிட்டர் நீரைக் கூடுதலாக வைத்திருக்கிறது. கனத்த கருப்பை பெருஞ்சிரையை அழுத்துவதால் அதில் கொஞ்சம் காலில் தேங்கும். சாயங்காலம் வீங்கி, காலையில் வடிந்தால் பயமில்லை. ‘நீர் கோர்த்திருக்கு’ என்று பார்லித் தண்ணீர் கொடுப்பார்கள். சில வீடுகளில் நீர்முள்ளி, சிறுநெருஞ்சில். அந்த வீக்கம் முகத்துக்கும் கைக்கும் ஏறி, தலைவலி, கண் மங்கல், மேல்வயிற்று வலி என்று வந்தால் அது முன்சூல்வலிப்பாக இருக்கலாம். 20 வாரத்துக்குப் பிறகு இரத்த அழுத்தம் 140/90-ஐத் தொட்டு, கூடவே சிறுநீரில் புரதமோ வேறு உறுப்புப் பாதிப்போ சேர்கிற நிலை அது. அதில் நீர் இருப்பது இரத்தக் குழாய்க்கு வெளியே. குழாய்க்குள் ஏற்கெனவே வறட்சி. சிறுநீரைப் பெருக்கி நீரை இறக்கினால், குறைவது குழாய்க்குள் இருப்பதுதான். வீக்கம் வடிந்த மாதிரி தெரியும், நோய் வடியாது.

அதிமதுரம் இதற்கு நேர் எதிர். இருமலுக்கு இதம்தான், வாயில் போட்டால் சர்க்கரையைத் தோற்கடிக்கும். அந்த இனிப்புக்குக் காரணமான கிளிசிரைசின், சிறுநீரகத்தில் நிற்கிற ஒரு காவலாளி நொதியை முடக்குகிறது. கார்டிசால் என்ற ஹார்மோன், உப்பைப் பிடித்து வைக்கச் சொல்லும் ஆல்டோஸ்டிரோன் என்ற இன்னொரு ஹார்மோனின் நாற்காலியில் உட்கார்ந்துவிடாமல் தடுப்பது அந்த நொதியின் வேலை. காவல் போனால் கார்டிசால் உட்கார்ந்துகொள்ளும். சிறுநீரகம் உப்பையும் நீரையும் வெளியே விடாமல் பிடிக்கும். பொட்டாசியம் குறையும், அழுத்தம் ஏறும். இதே நொதிதான் நஞ்சுக்கொடியில் நின்று தாயின் கார்டிசால் பிள்ளைக்குப் போகாமல் மறிக்கிறது. அதிமதுர மிட்டாய் விரும்பித் தின்கிற பின்லாந்தில், வாரம் 500 மில்லிகிராமுக்கு மேல் கிளிசிரைசின் சேர்ந்த தாய்மார்களுக்குப் பிரசவம் சற்று முந்தியே நடந்ததாக 2001-இல் எழுதினார்கள். இப்போது அங்கே கர்ப்பிணிகளை அதைத் தவிர்க்கச் சொல்கிறார்கள். ஒரு துண்டு வாயில் அடக்கியதற்கு நடுங்க வேண்டாம். தினம் மூன்று வேளை கஷாயம் என்பது வேறு கணக்கு.

நம் கரையில் இந்தக் கணக்கில் இன்னொரு வரியும் சேரும். வங்கதேசக் கடலோரத்தில் தக்கோப் என்ற பகுதியில் குடிநீரின் உப்பை அளந்து பார்த்தவர்கள், உப்பு கூடின தண்ணீர் குடித்த கர்ப்பிணிகளிடம் முன்சூல்வலிப்பும் இரத்த அழுத்தமும் அதிகம் காணப்பட்டதாக 2014-இல் வெளியிட்டார்கள். இங்கே காவிரிக் கூட்டுக் குடிநீர் வராத நாளில் சமையலுக்கும் கஷாயத்துக்கும் கிணற்றுத் தண்ணீர்தான். கொதிக்க வைத்தால் கிருமி சாகும், உப்பு போகாது; சுண்டச் சுண்டக் கூடவே செய்யும். எட்டில் ஒன்றாகச் சுண்டக் காய்ச்சும் கஷாயத்தில் அந்த உப்பு முழுவதும் மிஞ்சியதிலேயே நிற்கும். அதனால் எங்கள் வீட்டில் அந்த மாதம் முழுக்கக் குடிக்கவும் காய்ச்சவும் நல்ல தண்ணீர்க் குடம் தனியாக இருந்தது. அப்பத்தா அதற்கு வெள்ளைத் துணி கட்டி மூடி வைத்திருந்தது. வேறு யாரும் தொடக் கூடாது.

அன்று இரவு இரண்டாவது டம்ளர் முடிந்து அரை மணி நேரத்தில் தங்கை தூங்கிவிட்டாள். பதினோரு நாள் கழித்து விடிகாலை மூன்று மணிக்கு மறுபடி சீரகம் பொரிந்தது. முதல் டம்ளர் குடித்தாள். ஐந்து நிமிடத்துக்கு ஒரு தடவை வலி, ஒவ்வொன்றும் முந்தியதைவிட நீளம். “போதும் ஆத்தா, இது அதுதான்” என்று அப்பத்தா அடுப்பை அணைத்தது. நான் 108-க்குப் போன் போட்டேன். இரண்டாவது டம்ளரை என் கையில் கொடுத்து, வழியில் நாக்கு வறண்டால் கொடு என்றது. பாம்பன் பாலம் தாண்டும்போது பார்த்தேன், வெண்ணெய் மேலே உறைந்திருந்தது.