சும்மா ரீஸ்டார்ட்தான் அடிச்சேன்

நேற்று இரவு மறுபடியும் அதே போன். "நான் ஒண்ணுமே பண்ணலைங்க, சும்மா ரீஸ்டார்ட்தான் அடிச்சேன், சைட் போயிடுச்சு." இந்த மாதத்தில் இது மூன்றாவது. ஆட்கள்தான் வேறு வேறு, வசனம் அச்சு மாறவில்லை. பொறுமை போனதால் எழுதுகிறேன்.

அவர் பொய் சொல்லவில்லை. அன்றைக்கு அவர் எதையும் தொடவில்லைதான். தொட்டது மூன்று வாரத்துக்கு முன்னால், அவருடன் வேலை பார்ப்பவர். என்ஜின்எக்ஸ் என்ற வெப் சர்வர் மென்பொருளின் கான்ஃபிக்கில் (அமைப்புக் கோப்பில்), சைட்டின் கோப்புகள் எங்கே இருக்கின்றன என்று சொல்லும் ரூட் என்ற வரியை மாற்றியவர் கடைசியில் அரைப்புள்ளி வைக்க மறந்துவிட்டார். சேவ் செய்தார், சைட்டைத் திறந்து பார்த்தார், ஓடியது, கிளம்பிவிட்டார். ஓடாமல் என்ன செய்யும்?

எத்தனை தடவை சொன்னாலும் பலருக்கு மனதில் ஏறாத விஷயம் இதுதான். சர்வர் உங்கள் கான்ஃபிக் கோப்பைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருப்பதில்லை. கிளம்பும்போது ஒருமுறை படித்து மெமரியில் வைத்துக்கொள்ளும், அவ்வளவுதான். அதற்கப்புறம் அந்தக் கோப்பில் நீங்கள் கவிதை எழுதி வைத்தாலும், ஏன், கோப்பையே அழித்துவிட்டாலும் அதற்குத் தெரியாது, பழைய கான்ஃபிக்கை வைத்துக்கொண்டு மாதக்கணக்கில் ஓடும். (அப்பாச்சி என்ற இன்னொரு வெப் சர்வரில், ஃபோல்டருக்குள் வைக்கும் எச்டிஅக்சஸ் என்ற அமைப்புக் கோப்பு மட்டும் விதிவிலக்கு, அதை ஒவ்வொரு கோரிக்கைக்கும் படிக்கும், அந்தப் பழக்கத்தில்தான் பாதிப் பேருக்குக் குழப்பமே.) ஆக, "ஓடுகிறது" என்பதற்கு "கோப்பு சரியாக இருக்கிறது" என்று அர்த்தம் இல்லை. எஸ்எஸ்எல் சான்றிதழும் இப்படித்தான். புதுசு வாங்கி அதே இடத்தில் வைத்துவிட்டு, பிரவுசர் ஏன் இன்னும் காலாவதி என்கிறது என்று கேட்கிறார்கள். ரீலோட் செய்தீர்களா, அதாவது சர்வரை நிறுத்தாமல் கோப்புகளை மறுபடி படிக்கச் சொன்னீர்களா? இல்லை. மெமரியில் இருப்பது இன்னும் பழைய சான்றிதழ்தானே.

இப்போது ரீஸ்டார்ட் என்ன செய்கிறது என்று பாருங்கள். முதலில் நிறுத்துகிறது, பிறகு கிளப்புகிறது. மெமரியில் இருந்த நல்ல கான்ஃபிக் முதல் பாதியிலேயே போய்விட்டது. இரண்டாவது பாதியில் வட்டில் இருக்கும் உடைந்த கோப்பைப் படித்து, முடியாது என்று படுத்துவிடுகிறது. ரீலோட் அப்படி இல்லை. புது கான்ஃபிக்கை முதலில் படித்துப் பார்க்கும், பிழை இருந்தால் திட்டிவிட்டுப் பழையதையே வைத்துக்கொண்டு ஓடும். சரியாக இருந்தால் புது வொர்க்கர்களை (கோரிக்கைகளைக் கவனிக்கும் துணை ப்ராசஸ்களை) கிளப்பி, பழைய வொர்க்கர்கள் கையில் இருக்கும் கோரிக்கைகளை முடித்துவிட்டுப் போக விடும். கான்ஃபிக் மாற்றத்துக்குப் பெரும்பாலும் ரீலோடே போதும். கம்ப்யூட்டர் ஹேங் ஆனால் ஆஃப் பண்ணி ஆன் பண்ணும் கை, சர்வரிலும் அதையே செய்கிறது.

அதற்கும் முன்னால் சோதனை. என்ஜின்எக்ஸ் என்றால் மைனஸ் டி (nginx -t), அப்பாச்சி என்றால் கான்ஃபிக்டெஸ்ட். இரண்டு விநாடி ஆகுமா? சுடோ போட்டு (நிர்வாகி உரிமையோடு) ஓட்டுங்கள், இல்லையென்றால் சான்றிதழின் சாவிக் கோப்பைப் படிக்க முடியாமல் இல்லாத பிழையைச் சொல்லும். பிழை வந்தால் கோப்புப் பெயரும் வரி எண்ணும் கூடவே வரும். ஆனால் அந்த வரியை மட்டும் முறைத்துக்கொண்டு இருக்காதீர்கள். விட்டுப்போன அரைப்புள்ளி 14-வது வரியில் இருந்தால், அது 15-வது வரியில் அடுத்த அரைப்புள்ளியைப் பார்த்த பிறகுதான் கத்தும். ஒரு வரி மேலேயும் பாருங்கள். சோதனையையும் ரீலோடையும் ஒரே வரியில் எழுதுவதானால் நடுவில் இரட்டை ஆம்பர்சேண்ட் (&&) போடுங்கள். அரைப்புள்ளி போட்டால் சோதனை தோற்றாலும் அடுத்த கட்டளை ஓடிவிடும். கான்ஃபிக்கில் வேண்டிய இடத்தில் மறக்கிற அரைப்புள்ளியை இங்கே மட்டும் சரியாகப் போடுவார்கள்!

நேற்றைய கதை இதோடு முடிந்திருந்தால் ஐந்து நிமிட வேலை. பதற்றத்தில் அவர் இன்னும் இரண்டு காரியம் செய்திருந்தார். யாரோ சொன்னார்கள் என்று கோப்பைத் திருத்திவிட்டு, சர்வீஸ்களை நிர்வகிக்கும் சிஸ்டம்டிக்குக் கட்டளை கொடுக்கும் சிஸ்டம்சிடிஎல் வழியாக இல்லாமல் என்ஜின்எக்ஸ் என்று நேரடியாக அடித்துக் கிளப்பியிருக்கிறார். சைட் வந்துவிட்டது. ஆனால் சிஸ்டம்டிக்கு அது தெரியாது, ஸ்டேட்டஸ் கேட்டால் ஓடவில்லை என்கிறது. ஓடவில்லையாமே என்று ஸ்டார்ட் கொடுத்தால், லாகில் (சர்வரின் பதிவுகளில்) 80-வது போர்ட், அதாவது சைட்டுக்கான கோரிக்கைகள் வரும் வாசல், ஏற்கெனவே பயன்பாட்டில் இருக்கிறது என்று 98-ஆம் எண் பிழை, ஐந்து தடவை ஒரே வரி, கடைசியில் இன்னமும் முடியவில்லை என்று ஒரு வரி. உடனே கில் மைனஸ் 9, அதாவது ப்ராசஸை வலுக்கட்டாயமாகக் கொல்லும் கட்டளை. அதுவும் வொர்க்கர்களை மேய்க்கும் மாஸ்டர் ப்ராசஸுக்கு மட்டும்.

தயவுசெய்து 9-ஐத் தொடாதீர்கள். அந்த சிக்னலை எந்த ப்ராசஸாலும் பிடித்து வைத்துக்கொண்டு ஒழுங்காக மூட முடியாது. மாஸ்டர் தன் வொர்க்கர்களிடம் போகச் சொல்வதற்குள் செத்துவிடும். அநாதையான வொர்க்கர்கள் போர்ட்டைப் பிடித்துக்கொண்டு அப்படியே நிற்கும். எந்த போர்ட் யார் கையில் என்று காட்டும் எஸ்எஸ் கட்டளையில் மைனஸ் எல்டிஎன்பி (ss -ltnp) போட்டுப் பார்த்தபோது நாலு வொர்க்கர் உட்கார்ந்திருந்தன, மாஸ்டரைக் காணோம். மைனஸ் டி சோதனை எல்லாம் சரி என்றுதான் சொன்னது. போர்ட் வேறு யார் கையிலாவது இருந்தால் அதை அது பிழையாகச் சொல்லாது, இதையும் நினைவில் வையுங்கள். கில் அடித்தே ஆக வேண்டுமென்றால் எண் எதுவும் கொடுக்காமல் மாஸ்டருக்கு அடியுங்கள், 15-ஆம் எண் சிக்னல் போகும், அது ஒழுங்காக நிறுத்தும்.

அப்புறம் ஸ்டார்ட் வேறு, எனேபிள் வேறு. ஸ்டார்ட் இன்றைக்கு மட்டும், மெஷின் ரீபூட் ஆனால் எனேபிள் செய்ததுதான் தானாக எழுந்து வரும். இதற்கு மேல் விளக்கம் வேண்டாம்.

ராத்திரி என்னைக் கூப்பிடுவதாக இருந்தால் கூப்பிடுங்கள், கோபிக்க மாட்டேன். ஆனால் ஜர்னல்சிடிஎல் கட்டளை காட்டும் லாகின் கடைசி இருபது வரியைக் காப்பி செய்து எழுத்தாக அனுப்பிவிட்டுக் கூப்பிடுங்கள். திரையை போனில் படம் எடுத்து அனுப்புகிறீர்கள், வலது ஓரம் வெட்டுப்பட்டு வருகிறது, வரி எண் அந்த ஓரத்தில்தான் இருக்கிறது.