பழைய அடிதானே என்று விட்டுவிடாதீர்கள்

தண்டுவடத்தில் அடிபட்டு, வீல்சேர் வாழ்க்கைக்கு ஒருவழியாகப் பழகிவிட்டவர்களுக்கு முக்கியமாக ஒன்று சொல்ல வேண்டும். வருடங்கள் கழித்து உடம்பில் புதிதாக ஏதாவது மாறினால், அதைப் பழைய அடியின் கணக்கில் சேர்த்துவிடாதீர்கள்.

காரைக்குடி, தேவகோட்டைப் பக்கம் வீடுகளுக்கே போய் பிசியோதெரபி கொடுக்கிறேன். நான் பார்த்த கொத்தனார் ஒருவர், பழைய வீட்டில் ஓடு மாற்ற ஏறி விழுந்தவர். நடுமுதுகில் முறிவு. கால்கள் போய்விட்டன, கைகள் நல்ல பலம். பல வருடம் கழித்து இடது தோள் வலிக்கிறது என்றார். "வண்டி தள்ளித் தள்ளி வந்த வலிதான் தம்பி" என்று அவரே காரணமும் சொன்னார். அப்படி வரும் தோள்வலி உண்டுதான். ஆனால் இருமினால், தும்மினால் வலி சுரீரென்று கைக்கு இறங்கியது. இடது சுண்டுவிரல் ஓரத்தில் ஒரு கொப்புளம். டீ டம்ளர் சுட்டிருக்கிறது, அவருக்குத் தெரியவே இல்லை. பஞ்சால் தொட்டால் தெரிந்தது. சூடுதான் தெரியவில்லை.

இதற்கு சிரிங்கோமைலியா என்று பெயர். அடிபட்ட இடத்தில் தழும்பு ஒட்டிக்கொண்டு, தண்டுவடத்தைச் சுற்றி ஓடும் நீரின் பாதையை மறிக்கிறது. அதனால் தண்டுவடத்துக்குள்ளேயே நீர் தேங்கிக் குழிவாகி, மெல்ல மேலே நீள்கிறது. வலியையும் சூட்டையும் கொண்டுபோகும் நரம்பிழைகள் தண்டுவடத்தின் நடுவில்தான் குறுக்கே கடக்கின்றன. அதனால் அந்த உணர்வுகள் முதலில் போகின்றன, தொடுவுணர்வு தங்கிவிடுகிறது. நூற்றில் சிலருக்குத்தான் இது தொல்லை தரும் அளவுக்கு வளரும். ஆனால் அடிபட்ட சில மாதத்திலும் வரலாம், 20, 30 வருடம் கழித்தும் வரலாம்.

கை பலம் குறைவது, மரத்துப்போன எல்லை மேலே ஏறுவது, தசை இறுக்கம் திடீரென மாறுவது, ஒரு பக்கம் மட்டும் வியர்ப்பது எல்லாமே எச்சரிக்கைதான். எம்.ஆர்.ஐ. எடுக்கும்போது அடிபட்ட இடத்தோடு நிறுத்தாமல் கழுத்தையும் சேர்த்து எடுக்கச் சொல்லிக் கேளுங்கள். முதுகில் பிளேட், ஸ்க்ரூ இருந்தால் முதலிலேயே சொல்லிவிட்டு, பழைய ஆபரேஷன் சீட்டையும் கொண்டுபோங்கள்.

நீர்க்குழி சிறிதாக, வளராமல் இருந்தால் மருத்துவர்கள் அவ்வப்போது ஸ்கேன் எடுத்துக் கவனிப்பார்கள். வளர்ந்து பலம் குறைந்துகொண்டே போனால் அறுவை சிகிச்சைதான். ஒட்டியிருக்கும் தழும்பை விடுவித்து நீருக்கு வழி செய்வார்கள், அல்லது ஷன்ட் என்ற மெல்லிய குழாய் வைத்து வடிய விடுவார்கள். குழாய் பின்னாளில் அடைத்துக்கொள்ளலாம், அதனால் தொடர்ந்து காட்ட வேண்டும். இந்தச் சிகிச்சையின் முதல் நோக்கம் மேலும் கெடாமல் தடுப்பது. போன உணர்வு முழுதாகத் திரும்பும் என்று யாரும் உறுதி தர முடியாது. கொத்தனாருக்கு வலி குறைந்தது, கைப்பிடி காப்பாற்றப்பட்டது, விரலில் சூடு மட்டும் இன்றும் தெரிவதில்லை. கை பலத்தை நம்பித்தான் ஒருவர் கட்டிலிலிருந்து வீல்சேருக்கு மாறுகிறார், தானே சாப்பிடுகிறார். அதனால்தான் சீக்கிரம் வாருங்கள் என்று இவ்வளவு வற்புறுத்துகிறேன்.

அப்புறம் வீட்டில் இருப்பவர்களுக்கு: இவர்களுக்குக் குளிக்க வைக்கும் வெந்நீரை உங்கள் கையால் பார்த்துவிட்டு ஊற்றுங்கள். மலச்சிக்கல் வரவிடாதீர்கள். மூச்சை அடக்கி முக்குவதும், கனமான பொருளைத் தூக்குவதும் அந்த நீர்க்குழியில் அழுத்தத்தைக் கூட்டும்.